பசை முனை ஹேர் எக்ஸ்டென்ஷனை வீட்டிலேயே செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

சிறு முடிக்கற்றைகளின் முனையைப் பசையால் இறுக்கி, அவற்றைச் சொந்த முடியோடு பொருத்தி நீளமோ அடர்த்தியோ கூட்டுவதுதான் பசை முனை ஹேர் எக்ஸ்டென்ஷன். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது எந்தப் பசை நல்லது என்பதைத்தான். நான் பார்த்தவரை, பொருத்திய சில நாட்களில் சிக்காகிப்போன கற்றைகளிலும், வளையத்திலிருந்து உருவிக்கொண்டு வந்த கற்றைகளிலும் பசையின் குற்றம் குறைவு. முடியின் திசை கலந்திருக்கும், ஈரம் முழுதாகக் காய்ந்திருக்காது, எடை பார்க்காமல் கண்ணளவில் பிரித்திருப்பார்கள். பசையைச் சூடாக்குவதற்கு முன்பே வேலையில் முக்கால் பங்கு முடிந்துவிடுகிறது. அந்த முக்கால் பங்கைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

1. முனையின் வகையை முதலில் முடிவு செய்யுங்கள்

இரண்டு வகைகள் உண்டு. குச்சிபோல் உருண்டையாக இருப்பது ஐ-டிப். அதைச் சிறு உலோக வளையத்துக்குள் நுழைத்து, உங்கள் முடியோடு சேர்த்து இடுக்கியால் நசுக்கிப் பொருத்துவார்கள். தட்டையாக, நகம்போல் இருப்பது யு-டிப். அதைச் சூடான கருவியால் உருக்கி, உங்கள் முடியின்மேலேயே ஒட்டுவார்கள்.

வீட்டில் செய்கிறவர்களுக்கு ஐ-டிப் மட்டுமே என் பரிந்துரை. யு-டிப் பொருத்தும்போது 180 டிகிரிக்கு மேல் சூடான கருவி தலைத்தோலுக்கு மிக அருகில் வருகிறது. கழற்றும்போதும் கரைப்பான் ஊற்றி, பசையை உங்கள் முடியிலிருந்தே உடைத்தெடுக்க வேண்டும். ஐ-டிப்பில் பசை கற்றையின் முனையோடு நின்றுவிடுகிறது. வளையத்தைத் திறந்தால் கற்றை கையோடு வந்துவிடும். அதே கற்றையைத் திரும்பவும் பயன்படுத்தலாம்.

2. யார் தொடங்கவே கூடாது

முடி கொத்துக் கொத்தாக உதிர்கிற காலத்தில் வேண்டாம். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள், கீமோதெரபிக்குப் பின் முடி முளைக்கும் காலம், தலையில் சொரியாசிஸ் அல்லது புண் இருக்கும் நிலை, வகிட்டில் வழுக்கை தெரியும் நிலை எல்லாமே இதில் அடங்கும். ஒவ்வொரு கற்றையும் வேரை இடைவிடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். பலவீனமான வேர் அந்த இழுப்பைத் தாங்காது. வேர் நீண்ட நாள் இழுபட்டு உதிரும் முடி சில இடங்களில் மீண்டும் முளைக்காமலே போய்விடும்.

உங்கள் முடி குறைந்தது 10 முதல் 12 செ.மீ. நீளமாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வளையங்களை மூட மேல்முடி போதாது.

3. பொருட்களை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்

பசை உருகிய பிறகு எழுந்துபோய்க் கத்தரிக்கோல் தேட முடியாது. எல்லாம் மேசைமேல் இருக்க வேண்டும்.

முடி, கெரட்டின் பசை மணிகள், அதை உருக்கும் சிறு மின்பானை அல்லது கெரட்டின் பசைக்குச்சி போடும் துப்பாக்கி, 0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, சிலிக்கான் விரிப்பு, விரல்களுக்கு டெஃப்லான் அல்லது சிலிக்கான் உறை, சிறிய ரப்பர் பேண்டுகள், கூரான கத்தரிக்கோல், அகலப்பல் சீப்பு, பேன் சீப்பு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பொருத்துவதற்கு உள்ளே சிலிக்கான் பூசிய வளையங்கள், கொக்கி ஊசி, தட்டைமூக்கு இடுக்கி.

பசை பற்றி ஒரு வார்த்தை. கெரட்டின் என்பது முடியிலேயே இருக்கும் புரதம்; ஆனால் அந்தப் பெயரில் விற்பனையாவதில் பெரும்பகுதி பாலியமைடு வகைப் பிளாஸ்டிக்தான். அது குறையல்ல; முடியோடு நன்றாகப் பிடிக்கும், ஆல்கஹாலில் இளகும், திரும்ப உருக்கலாம். கைவினைக் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசைக்குச்சியை மட்டும் தொடாதீர்கள். அது குறைந்த சூட்டிலேயே இளகுவதால், ஹேர் டிரையர் காற்றிலேயே முனை நெகிழ்ந்து கற்றை வழுக்கும். நொடியில் ஒட்டும் சூப்பர் குளூவும் வேண்டாம். அது கண்ணாடிபோல் இறுகி, இடுக்கி அழுத்தியதும் நொறுங்குகிறது.

கருமுடிக்குக் கறுப்புப் பசையே வாங்குங்கள். நிறமற்ற பசை கருமுடியில் பொடுகுபோல் வெளுத்துத் தெரியும்.

4. எவ்வளவு முடி, எந்த முடி

அடர்த்தி மட்டும் கூட்ட 50 முதல் 60 கற்றைகள் போதும். நீளமும் வேண்டுமென்றால் 100 முதல் 120 வரை தேவைப்படும். மெல்லிய முடி உள்ளவர்களுக்குக் கற்றைக்கு 0.5 கிராம், நடுத்தர முடிக்கு 0.7 அல்லது 0.8, நல்ல தடித்த முடிக்கு 1 கிராம். ஆக, 100 கற்றை, தலா 0.8 கிராம் என்றால் 80 கிராம். அதற்குமேல் மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாக வாங்குங்கள். சீவும்போது குட்டை முடி உதிரும். முதல் சில முனைகள் வீணாகும். நடுவழியில் தீர்ந்துபோய் மறுபடி வாங்கினால் நிறம் ஒத்துப்போகாது.

ஒரே தலையிலிருந்து ஜடையாக வெட்டிய முடி சிறந்தது. சொந்த முடியை வெட்டிப் பத்திரப்படுத்தியிருந்தால் அதைவிட நல்லது கிடையாது. திருப்பதி, பழனி போன்ற கோயில்களில் காணிக்கையாகும் முடி ஏலத்தில் வியாபாரிகளுக்குப் போகிறது. மழிக்கும்போதே கட்டாக எடுத்த முடியில் வேர்கள் எல்லாம் ஒரு பக்கமும் நுனிகள் எல்லாம் மறுபக்கமும் இருப்பதால் அதற்கு மதிப்பு அதிகம். கடையில் 'ரெமி' என்று எழுதியிருப்பதன் பொருள் இதுதான். ஆனால் எழுதியிருப்பதை நம்பிப் பணம் கொடுக்காமல் அடுத்த பிரிவில் உள்ளபடி சோதியுங்கள்.

சீப்பில் வந்த சிக்குமுடியைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் பலர். சவுரிக்கு அது பயன்பட்டிருக்கிறது. பசை முனைக் கற்றைக்கு ஆகாது. அதில் வேரும் நுனியும் தாறுமாறாகக் கலந்திருக்கும். அவ்வளவு முடியையும் ஒவ்வொன்றாகத் திருப்பி அடுக்குவது வீட்டில் நடக்கிற காரியமல்ல.

வரிசையாகத் தைத்த முடி வாங்கினால், தையலுக்குச் சற்றுக் கீழே இறுக்கமாகக் கட்டிவிட்டு, கட்டுக்கும் தையலுக்கும் இடையே வெட்டுங்கள். தையலில் மடிந்து வந்த ஓரிரு அங்குலக் குட்டை முடி நிறைய உதிரும். அதைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள், அது தலைகீழாக நிற்கும் முடி.

5. வேர்ப்பக்கத்தைக் கண்டுபிடித்துக் கட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பிரிவை மட்டும் பின்பற்ற நேரம் இருக்கிறது என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

முடியின் மேற்பரப்பு செதில்களால் ஆனது. கூரை ஓடுகளைப்போல் அவை ஒன்றன்மேல் ஒன்று சரிந்து, நுனியை நோக்கிப் படுத்திருக்கும். எல்லா முடிகளும் ஒரே திசையில் இருந்தால் செதில்கள் வழுக்கிப் போகும். பாதி முடி தலைகீழாக இருந்தால் எதிரெதிர்ச் செதில்கள் மாட்டிக்கொண்டு, கழுவிய முதல் நாளே கழுத்துப்பக்கம் சடையாகத் திரளும். எந்த எண்ணெயும் எந்தக் கண்டிஷனரும் அதைச் சரிசெய்யாது.

சோதனை எளிது. கட்டிலிருந்து ஒரே ஒரு முடியை உருவுங்கள். அதன் நடுப்பகுதியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே, விரல்களின் நீளவாக்கில் வைத்து, இரு விரல்களையும் முன்னும் பின்னும் தேயுங்கள். முடி ஒரே பக்கமாக மெல்ல ஊர்ந்து போகும். அது போகிற பக்கமே வேர். விரல் உலர்ந்திருக்க வேண்டும். எண்ணெய்க் கையில் எதுவும் நகராது.

கட்டின் வெவ்வேறு இடங்களிலிருந்து ஒரு பத்து முடியாவது இப்படிப் பாருங்கள். பத்தும் ஒரே பக்கம் போனால் நல்ல முடி. சில இந்தப் பக்கமும் சில அந்தப் பக்கமும் போனால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எந்தப் பக்கமும் போகாமல் நழுவிக்கொண்டே இருந்தால், செதிலை அமிலத்தில் சீவியெடுத்துச் சிலிக்கான் பூசிய முடியாக இருக்கக்கூடும். கடையில் பட்டாகத் தெரியும் அது, சில முறை கழுவியதும் வைக்கோலாகிவிடும்.

மனித முடிதானா என்ற சந்தேகம் இருந்தால், இரண்டு மூன்று முடியை இடுக்கியில் பிடித்து, நீர்க்குழாய் அருகில் கொளுத்திப் பாருங்கள். மனித முடி தீய்ந்த நாற்றத்தோடு பொசுங்கி, விரலில் நொறுங்கும். செயற்கை இழை உருகிக் கெட்டிக் குண்டாகும்.

வேர்ப்பக்கம் தெரிந்தவுடன் அங்கே ரப்பர் பேண்டு போடுங்கள். கழுவும் முன்பே போட வேண்டும். தண்ணீரில் கட்டு அவிழ்ந்தால் இதுவரை பார்த்த வேலை அவ்வளவும் போய்விடும். மொத்தத்தையும் ஒரே கட்டாகக் கட்டாமல், பத்து கிராம் அளவுக்குப் பிரித்துக் கட்டினால் உள்ளே வரை நன்றாகக் கழுவலாம்.

6. கழுவி, முழுதாக உலர்த்துங்கள்

முதலில் உலர்ந்த நிலையிலேயே அகலப்பல் சீப்பால் சிக்கெடுத்துவிட்டு, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாருங்கள். வெட்டிய முடியில் ஈர் ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். ஈர் தண்ணீரில் போகாது, சீப்பில்தான் வரும்.

வெதுவெதுப்பான நீரில், வேர் மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, ஷாம்பூ நுரையை மேலிருந்து கீழாக வழித்துவிடுங்கள். கசக்காதீர்கள். வேர்ப்பக்கம் மூன்று செ.மீ. பகுதிக்கு இரண்டாவது முறையும் ஷாம்பூ போடுங்கள். பழைய எண்ணெயும் சிலிக்கானும் அங்கே கொஞ்சம் மிஞ்சினாலும் பசை பிடிக்காது. கண்டிஷனர் போடுவதானால் நடுப்பகுதிக்குக் கீழே மட்டும்.

பிறகு நிழலில், வேர் மேலே இருக்கும்படி தொங்கவிட்டு ஒரு நாள் முழுதும் உலர்த்துங்கள். மழைக்காலத்தில் இன்னும் ஒரு நாள். வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் ரப்பர் பேண்டுக்கு அடியில் ஈரம் நிற்கும். அந்த ஈரம் உருகிய பசைபட்டதும் ஆவியாகி, முனைக்குள் குமிழாகத் தங்கும். குமிழ் உள்ள முனை இடுக்கியில் நசுங்கிப் பிளக்கும்.

7. வாரிக் குட்டை முடியை நீக்குங்கள்

தொழில்முறையில் இதற்கு ஆணிகள் நெருக்கமாக அடித்த பலகையை மேசையில் பூட்டி, முடியை அதில் வீசி இழுப்பார்கள். நூறு கிராம் முடிக்கு அது அவசியமில்லை. உறுதியான உலோகச் சீப்பு போதும். ஆணிப்பலகை வைத்திருந்தால், கை எடுத்தவுடன் மூடி போடுங்கள்.

வேரை இறுகப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து வாரத் தொடங்கி, சிறிது சிறிதாக மேலே வாருங்கள். வேரிலிருந்து ஒரே இழுப்பாக வாரினால் எல்லாச் சிக்கும் நுனியில் திரண்டு முடி அறும். பிறகு நுனியைப் பிடித்துக்கொண்டு, ரப்பர் பேண்டைத் தளர்த்தி, வேர்ப்பக்கத்தை மெதுவாக வாருங்கள். குட்டை முடிகள் சீப்போடு வரும். இவை முனைக்குள் போனால் கற்றையைத் தடிமனாக்கும். நீளத்துக்கோ அடர்த்திக்கோ உதவாது.

8. எடைபோட்டுக் கற்றைகளாகக் கட்டுங்கள்

குட்டையான வளைந்த கம்பிப் பற்கள் கொண்ட இரண்டு தட்டைப் பிரஷ்கள் இருந்தால் வேலை சுலபமாகும். நாய்க்கு முடி வாரும் பிரஷ் இப்படித்தான் இருக்கும். ஒன்றை மேசையில் வைத்து, அதன்மேல் முடியைப் பரப்பி, வேர்கள் ஓரத்துக்கு வெளியே ஒரே கோட்டில் நிற்கும்படி தட்டிச் சரிசெய்து, மற்றொன்றை மேலே கவிழ்த்து அழுத்துங்கள். இப்போது வெளியே தெரியும் வேர்களில் சிறு சிட்டிகை பிடித்து உருவினால், மற்றவை கலையாமல் அது மட்டும் வரும்.

உருவியதைத் தராசில் வையுங்கள். 0.8 கிராம் வேண்டுமென்றால் 0.75 முதல் 0.85 வரை ஏற்கலாம். அதற்கு வெளியே போனால் சேர்க்கவோ குறைக்கவோ வேண்டும். கண்ணளவு இங்கே கைகொடுக்காது. கனமான கற்றை உங்கள் முடியை இழுத்து அறுக்கும். மெலிந்த கற்றை வளையத்தில் ஆடும்.

வேர்களை மேசையில் தட்டி ஒரே மட்டமாக்கி, முனையிலிருந்து இரண்டரை செ.மீ. தள்ளிச் சிறு ரப்பர் பேண்டால் கட்டுங்கள். எல்லாக் கற்றைகளையும் கட்டி முடித்த பிறகுதான் பசைப்பானையை எடுக்க வேண்டும். கட்டுவதும் ஒட்டுவதுமாக மாறி மாறிச் செய்கிறவர்கள் பானையில் பசையைக் கருக்குகிறார்கள். நெடுநேரம் சூட்டில் கிடந்த பசை பழுத்து, கெட்டியாகி, பிடிப்பை இழக்கும்.

9. முனை செய்யுங்கள்

முதலில் கற்றைகளின் வேர் முனைகளை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். பிறகு பாட்டிலை மூடி வேறு அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும். அது முழுதும் ஆவியான பிறகே சூடான கருவி மேசைக்கு வரவேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். குழந்தைகள் அருகில் வேண்டாம்.

பெரும்பாலான பசை மணிகள் 150 முதல் 180 டிகிரிக்குள் உருகும். உறையில் எழுதியிருக்கும் சூட்டைப் பின்பற்றுங்கள். பசை தேன்போல் இழுபட்டு வழிய வேண்டும். புகைந்தால் சூடு அதிகம். நூல்நூலாக உறைந்தால் சூடு போதாது.

விரலுறை போட்டுக்கொள்ளுங்கள். கற்றையின் வேர் முனையைச் சிலிக்கான் விரிப்பின்மேல் விசிறியாக விரித்து, நடுவில் பாசிப்பயறு அளவு பசை வையுங்கள். விசிறியின் இரு ஓரங்களையும் உள்ளே மடித்து, ஒருமுறை அழுத்திப் பசையை முடிகளுக்கு ஊடே செலுத்துங்கள். பிறகுதான் இரு விரல்களுக்கு இடையே உருட்ட வேண்டும். அழுத்தாமல் நேராக உருட்டுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது. அப்படிச் செய்தால் பசை வெளியே உறைபோல் சுற்றிக்கொண்டு நிற்கும். உள்ளே முடி உலர்ந்தே இருக்கும்.

இரண்டு மில்லிமீட்டர் தடிமன், ஒன்றரை செ.மீ. நீளம் வரும்வரை உருட்டுங்கள். பக்கத்தில் ஒரு வளையத்தை வைத்துக்கொண்டு அளவு பாருங்கள். முனை உள்ளே போன பிறகும் உங்கள் சொந்த முடிக்கு அதில் இடம் இருக்க வேண்டும். உருட்டும் முன்பே பசை இறுகிவிட்டால், முனையை டெஃப்லான் தாளுக்குள் மடித்து, முடி நேராக்கும் கருவியால் இரண்டு நொடி அழுத்தினால் மீண்டும் இளகும்.

முழுதாக ஆறிய பிறகு நுனியைக் கத்தரியால் சற்றுச் சாய்வாக வெட்டுங்கள். சாய்ந்த முனை வளையத்துக்குள் தடையின்றி நுழையும்.

10. வெட்டிப் பாருங்கள், இழுத்துப் பாருங்கள்

முதலில் செய்த ஐந்தாறு முனைகளில் ஒன்றைத் தியாகம் செய்யுங்கள். நடுவே குறுக்காக வெட்டி, வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் இன்னும் தெளிவு. முடிப் புள்ளிகள் பசை முழுவதும் பரவலாகத் தெரிந்தால் சரி. நடுவில் முடிக்கொத்து, சுற்றிலும் பசை வளையம் என்று இருந்தால், மீதி முனைகளையும் சூடாக்கி மறுபடி அழுத்த வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு முனையையும் இடுக்கியில் பிடித்துக்கொண்டு கற்றையை நன்றாக இழுங்கள். ஓரிரு முடி வருவது இயல்பு. அதற்குமேல் வந்துகொண்டே இருந்தால் அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். இந்த இடத்தில் தயங்குகிறவர்கள், தலையில் பொருத்திய பிறகு தலையணையில் முடியைப் பொறுக்குகிறார்கள்.

11. பொருத்துவது

இதற்கு இன்னொருவர் வேண்டும். தன் பிடரியில் தானே வளையம் பூட்டினால் கோணம் தவறி, முடி மேல்நோக்கி இழுபடும்.

எண்ணெய் இல்லாமல் தலைக்குக் குளித்து உலர்த்துங்கள். பிடரியின் கீழ்விளிம்பு, நெற்றியோரம், காதோரம், வகிடு ஆகியவற்றிலிருந்து இரண்டு செ.மீ. விட்டுவிடுங்கள், அங்கே முடி மெல்லியது, வளையமும் வெளியே தெரியும். பிடரியிலிருந்து மேல்நோக்கி, வரிசை வரிசையாக, செங்கல் அடுக்குவதுபோல் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பொருத்துங்கள்.

கொக்கி ஊசியால் உங்கள் முடியில் கற்றையின் அளவுக்கே ஒரு பிடி எடுத்து வளையத்தில் உருவி, தலைத்தோலிலிருந்து அரை முதல் ஒரு செ.மீ. தள்ளி நிறுத்துங்கள். பசை முனையை உள்ளே செருகி, இடுக்கியால் தட்டையாக அழுத்துங்கள். பூட்டிய கற்றையை நான்கு பக்கமும் மடக்கிப் பாருங்கள். வலிக்காமல் மடங்க வேண்டும். தோல் கூடாரம்போல் எழும்பினால் உடனே திறந்து மறுபடி பொருத்துங்கள். "ரெண்டு நாளில் பழகிவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த வலி வேர் தரும் புகார்.

12. பராமரிப்பும் கழற்றுவதும்

முதல் இரண்டு நாள் தலைக்குத் தண்ணீர் வேண்டாம். வாராவாரம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் பழக்கம் உள்ளவர்கள், வளையப் பகுதியை விட்டுவிட்டு நடுமுடிக்கும் நுனிக்கும் மட்டும் எண்ணெய் தடவலாம். வேரில் எண்ணெய் இறங்கினால் வளையம் வழுக்கும். வாரும்போது வளையங்களுக்குக் கீழே கையால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈர முடியோடு தூங்காதீர்கள். தளர்வாகப் பின்னிக்கொண்டு படுங்கள்.

முடி மாதம் ஏறக்குறைய ஒரு செ.மீ. வளர்கிறது. ஆறு முதல் எட்டு வாரங்களில் வளையங்கள் கீழே இறங்கி, தொங்கும் பாரம் கூடும். அப்போது கழற்றி மேலே ஏற்றிப் பொருத்த வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் உலோக வளையங்களைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கழற்ற, அழுத்திய திசைக்கு நேர் எதிர்த் திசையில் இடுக்கியால் வளையத்தை நெருக்குங்கள். அது மறுபடி உருண்டையாகத் திறக்கும். மூடிய வளையத்தை இழுத்து உருவாதீர்கள். கழற்றியதும் கையில் நிறைய முடி வரும், பயப்பட வேண்டாம். எல்லோருக்கும் நாளுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. அப்படி உதிர்ந்து வளையத்தில் சிக்கியவை, கீழே விழ வழியில்லாமல் இத்தனை நாளும் அங்கேயே தங்கியிருந்தன. வேரருகே சிக்கை விரலால் பிரித்துவிட்டு, தண்ணீர் படும் முன்பே வாரிவிடுங்கள். நனைந்தால் அந்தச் சிக்கு இறுகிவிடும்.

தேய்ந்த முனைகளை வெட்டி எறிய வேண்டியதில்லை. முனைக்குச் சற்றுக் கீழே ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு, ஆல்கஹாலில் சில நிமிடம் ஊறவைத்து, இடுக்கியால் நசுக்கினால் பசை பொடிப்பொடியாக உதிரும். பேன் சீப்பால் வாரி, அந்த ரப்பர் பேண்டை அவிழ்க்காமல் கழுவி, ஒரு நாள் உலர்த்திவிட்டு, எட்டாம் பிரிவிலிருந்து மீண்டும் தொடங்கலாம். எடையை மறுபடி பாருங்கள். ஒவ்வொரு முறையும் கற்றை கொஞ்சம் மெலிந்திருக்கும்.